எல்லாம் ஒன்று தள்ளி

வீட்டிலிருந்த நாலாயிரத்து நூற்று இருபத்தாறு இசைத்தட்டுகளையும் கழுவி, எண் போட்டு, திரும்ப உறைகளில் செருகி முடித்த ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு லிஃப்ட் மெக்கானிக்கின் குரல் அவருடைய அக்காவுக்குப் போயிற்று. அவருக்கு மனைவியின் குரல் வந்தது. மனைவிக்கு மகளின் குரல் வந்தது. மகளுக்கு ஒன்றும் வரவில்லை. அக்காவின் குரல் யாரிடமும் போகாமல் அவருடைய தையல் மேஜையின் மேல் கிடந்தது. மூத்தவரிலிருந்து இளையவர் வரை வரிசையாக நிறுத்தினால் ஒவ்வொருவரிடமும் அடுத்தவரின் குரல் இருந்தது. இதை அவர்கள் அன்று கண்டுபிடிக்கவில்லை. ஒன்பது நாள் ஈரத்தில் நின்றதால் தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்து நாலு பேரும் வெந்நீர் குடித்தார்கள்.

இசைத்தட்டுகள் இருபத்திரண்டு ஆண்டுகளில் சேர்ந்தவை. மூடிவிட்ட ஒரு வானொலி நிலையத்தின் லிஃப்டைக் கழற்றப் போனபோது முதல் எழுநூறு கிடைத்தன. பிறகு கடை மூடுகிறவர்கள், வீடு மாறுகிறவர்கள், அப்பா இறந்தபின் பரணைக் காலி செய்கிறவர்கள் எல்லாரும் அவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் ஒன்றையும் போட்டுக் கேட்டதில்லை. பிளேயர் இருந்தது, ஊசி இல்லை. வாங்கிய வருடமே ஊசி முனை உடைந்துவிட்டது. மட்டமான ஊசி தட்டின் வரிகளை உழுதுவிடும் என்று யாரோ சொன்னார்கள். சரியான ஊசி கிடைக்கட்டும் என்று காத்திருந்தார். அவருடைய தொழிலில் சரியான பாகம் வரும்வரை காத்திருப்பது தவறில்லை, வேறு பாகத்தைப் போடுவதுதான் தவறு. கேட்பதை ஒத்திப்போட்டதால் வைப்பதை ஒழுங்காகச் செய்தார். கூடத்தில் வெயில் படாத சுவரில் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு உத்தரம் வரை மர அடுக்குகள். பதின்மூன்று அங்குல உயரம், ஓரடிக்கு ஒரு தடுப்பு. தட்டைப் படுக்கப் போட்டால் வளையும். நெருக்கி நிறுத்தினால் உறை தேயும். தளர விட்டால் சாயும். எந்த அடுக்கிலும் உள்ளங்கை நுழைகிற அளவு இடம் விட்டிருந்தார். மொத்த எடை ஒன்றேகால் டன். லிஃப்ட் தண்டவாளத்தைச் சுவரில் பிடித்து நிறுத்தும் இரும்புத் தாங்கிகளால் அதைச் சுவரோடு கட்டியிருந்தார். பூகம்பம் வந்தால் கட்டிடம் விழும், அடுக்கு நிற்கும் என்று மனைவி சொல்வதுண்டு.

வரிசை என்பது வந்த வரிசை. பாடகர் வாரியாக, வாத்தியம் வாரியாக, அகர வரிசையில் என்று ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். நூலகத்தில் வேலை பார்த்த ஒரு மைத்துனர் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து விளக்கினார். மெக்கானிக் பொறுமையாகக் கேட்டார். "மாடியெல்லாம் எழுத்து வரிசையிலயா அடுக்கறோம்? கட்டின வரிசையிலதானே மாப்ளே" என்றார். மைத்துனர் அதற்குப் பிறகு வரவில்லை.

அந்த வருடம் மேல்வீட்டுக் குழாய் ஒழுகி, சுவருக்குள்ளேயே இறங்கி, உறைகளில் பூஞ்சை பிடித்தது. மெக்கானிக் ஒன்பது நாள் விடுப்பு எடுத்தார். மகளுக்கு அப்போது பள்ளி விடுமுறை. தட்டுகளை உறையிலிருந்து எடுத்து, நடுவிலுள்ள காகித வட்டம் நனையாமலிருக்க இரண்டு பக்கமும் ரப்பர் வில்லை வைத்துத் திருகி, சோப்பு ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் ஒருமுறையும் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் இருமுறையும் அலசினார். மனைவி அவற்றைத் சாப்பாட்டுத் தட்டு கவிழ்க்கும் கம்பிக் கூடையில் நிறுத்தி உலர்த்தினார். அக்கா உறைகளை ஈரத்துணியால் துடைத்து மின்விசிறிக்குக் கீழே பரப்பினார். தட்டும் உறையும் பிரிந்துவிட்டதால் இரண்டுக்கும் எண் போட வேண்டியிருந்தது. தட்டின் நடுத்துளைக்குப் பக்கத்தில் மெக்கானிக் வெள்ளைப் பென்சிலால் எழுதினார். உறையின் முதுகில் அக்கா துணி நாடாவில் எழுதி ஒட்டினார். இருவரும் வேறு வேறு அறைகளில் உட்கார்ந்து எழுதினார்கள். மெக்கானிக் லிஃப்ட் பொத்தான்களோடு முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவர். தரைத்தளம் பூஜ்யம். முதல் தட்டில் பூஜ்யம் எழுதி அங்கிருந்து எண்ணிக்கொண்டு போனார். அக்கா துணி அளக்கிறவர். முதல் உறையில் ஒன்று என்று எழுதினார். இதைப் பற்றி ஒருவரை ஒருவர் கேட்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

செருகுவது மகளின் வேலை. தலைப்பைப் படித்துக்கொண்டிருக்காதே, எண்ணைப் பார், போடு என்பது உத்தரவு. அவள் எண்ணைப் பார்த்தாள், போட்டாள். கடைசி உறைக்கு வந்தபோது தட்டு இல்லை. சொல்வதற்கு வாயைத் திறந்தாள். நாலரை மணி அப்போதுதான்.

ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அதற்குள் வீடு வேறு நிலைமையில் இருந்தது. அக்கா ஆண் குரலில் தண்ணீர் கேட்டார். மெக்கானிக் தன் மனைவியின் குரலில் "என்னக்கா ஆச்சு" என்றார். மனைவி சிரித்தார். அது பதினாலு வயதுச் சிரிப்பாக இருந்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார். மகளின் தாளை மெக்கானிக் படித்தது பத்து நாள் கழித்து. யாரிடமோ இரவல் போயிருக்கும் என்று முடிவு செய்து, பட்டியலில் கடைசி எண்ணுக்கு நேரே 'இல்லை' என்று எழுதினார். கம்பிக் கூடையின் அடியில் ஒரு தட்டு தனியாகக் கிடந்ததை அக்கா அந்த ஞாயிறு மதியமே பார்த்திருந்தார். வீணாய்ப் போனது என்று தம்பி ஒதுக்கியிருப்பான் என்று நினைத்துத் துடைத்து மேஜைக்கு எடுத்துப் போயிருந்தார். அவர் அலுவலகங்களுக்கும் அரங்கங்களுக்கும் திரைச்சீலை தைப்பவர். திரையின் கீழ் விளிம்பைப் பிறை பிறையாக வெட்ட ஒரு வட்டம் தேவைப்பட்டது. தட்டைத் துணிமேல் வைத்துச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டால் பிறை பிசகாமல் வந்தது.

மருத்துவர் நாலு தொண்டைகளையும் விளக்கடித்துப் பார்த்தார். "தொண்டையில ஒண்ணும் இல்ல. குரல்லயும் ஒண்ணும் இல்ல. ஆள்தான் மாறியிருக்கு. அதுக்கு என்கிட்ட மருந்து கிடையாது" என்றார். மகளைக் கூடுதலாகக் கொஞ்ச நேரம் பார்த்தார். காலியாக இருக்கிறது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

எட்டு வருடங்கள் போயின. மனைவி ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். முதல் நாள் அவர் ஒலிபெருக்கியில் பேசியதும் நிலைய மேலாளர் மாடியேறி வந்து, அறிவிப்பு அறைக்குள் குழந்தையை யார் விட்டது என்று கேட்டார். ஒரு வாரத்தில் கேட்பதை நிறுத்தினார். பயணிகள் முன்னைவிடக் கவனித்துக் கேட்டார்கள். தப்பான நடைமேடையில் நின்றுகொண்டு தலையிலடித்துக்கொள்கிறவர்கள் குறைந்தார்கள். மூன்றாம் வருடம் தலைமை அலுவலகம் எல்லா நிலையங்களுக்கும் பதிவுசெய்த குரலில் பேசும் இயந்திரம் அனுப்பி, அறிவிப்பாளர்களை வீட்டுக்கு அனுப்பியது. இந்த நிலையத்து இயந்திரம் மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வரவில்லை. குரலுக்கு வயதாகவில்லை. பதினாலிலேயே நின்றிருந்தது. மெக்கானிக்குக்கும் நஷ்டமில்லை. பழைய குரலில் அவர் மேலிருந்து "யாரும் பயப்படாதீங்க" என்று கத்தினால், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் எல்லாப் பொத்தான்களையும் அமுக்குவார்கள். இப்போது மனைவியின் நிதானமான குரல் இருட்டுக்குள் இறங்கியதும் தரையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். நிறுவனம் நகரத்து மருத்துவமனை லிஃப்டுகள் அனைத்தையும் அவரிடம் கொடுத்தது. தொலைபேசியில் மேடம் என்பவர்களை முதல் வருடம் திருத்தினார், பிறகு விட்டுவிட்டார். அக்கா தம்பியின் கனத்த குரலில் திரை தரும் தேதி சொன்னால் அரங்க மேலாளர்கள் குறித்துக்கொண்டார்கள். முன்பெல்லாம் பேசிப் பார்ப்போம் என்பார்கள். தம்பியோடு சண்டை வரும்போது மட்டும் சங்கடம். தன் குரலிலேயே திட்டு வாங்குவது எப்படியிருக்கும் என்று பட்டால்தான் தெரியும் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார்.

அக்காவின் சொந்தக் குரல் தையல் மேஜைப் பக்கமே இருந்துவிட்டது. அதற்கு வாய் இல்லாததால் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை, பழக்கத்தை மட்டும் சொன்னது. நாற்பத்திரண்டு, மடிப்புக்கு நாலு, ஓரத்துக்கு ஒன்றரை. அழைப்பு மணி அடித்தால் யாரு என்று கேட்கும். வெளியே நிற்பவர் பெயர் சொல்வார். பதில் வராது. பழகியவர்கள் தாமே கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அக்கா அதை வெளியிலிருந்து கேட்டுக்கொண்டே தைத்தார். "இவ்வளவு இழுத்தா பேசிக்கிட்டிருந்தேன் அம்பது வருஷமா. ஒருத்தராவது சொன்னீங்களா" என்று ஒருமுறை கேட்டார்.

மகளுக்கு எட்டு வருடங்கள் வேறு மாதிரிப் போயின. பள்ளி திறந்து பதினொரு நாள் அவள் வரவில்லை என்று பதிவாயிற்று. வருகை எடுக்கும் ஆசிரியர் பதிவேட்டிலிருந்து தலை நிமிர்த்தாதவர், அவள் கை தூக்கியதைப் பார்க்கவில்லை. பிறகு மேஜையைத் தட்டினாள். அடங்காத பெண் என்று பெயர் வந்தது. தோழிகள் முதலில் அவள் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தார்கள், பிறகு அவள் எழுதத் தொடங்குமுன் பேச்சை மாற்றினார்கள். பட்டப்படிப்பை அஞ்சலில் முடித்தாள். வக்கீல் அலுவலகங்களுக்கு வீட்டிலிருந்தே உறைகளில் முகவரி தட்டச்சு செய்து கொடுத்தாள். எழுத்துத் தேர்வுகள் பதினொன்று எழுதி, பதினொன்றிலும் தேறினாள். நேர்முகத் தேர்வு ஒன்றுக்கும் போகவில்லை. ஒரு நாளைக்கு அவளுக்கு முப்பது நாற்பது துண்டுத்தாள் தேவைப்பட்டது. அம்மா வேலையிலிருந்து வந்து கதவருகே செருப்பைக் கழற்றிக்கொண்டே ஏதாவது சொல்வார். அவள் நிமிர்ந்து பார்ப்பாள். அது தன்னுடையது என்று அவள் எழுதிக் காட்டியதில்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது.

இருபத்திரண்டாவது வயதில் அவள் ஊசி வாங்கினாள். பிளேயரைக் கவிழ்த்துப் பார்த்தபோது எந்த ஊசி என்பது அடியில் ஒட்டியிருந்த சீட்டிலேயே அச்சாகியிருந்தது. தபாலில் வந்தது. முதல் உறையில் ஒருவர் வயலினோடு நின்றுகொண்டிருந்தார். தட்டிலிருந்து உடற்பயிற்சிக்கு எண் சொல்லும் குரல் வந்தது. இரண்டாவது உறையில் வெள்ளைச் சட்டை போட்டவர் கைகளை உயர்த்திக் குனிந்திருந்தார். தட்டில் பறவைகள் கூவின. மூன்றாவது உறையில் பறவைகள். அவள் வரிசையாகப் பதினைந்து தட்டுகள் கேட்டாள். அதன் பிறகு கேட்கத் தேவையில்லாமல் தலைப்புகளை மட்டும் பார்த்துக்கொண்டு போனாள். ஒவ்வோர் உறையிலும் அடுத்த உறையின் தட்டு இருந்தது. கடைசி உறை காலி. ஒரு தாளில் உறைகளையும் உள்ளே இருந்த தட்டுகளையும் எழுதினாள். இன்னொரு தாளில் வீட்டார் நாலு பேரை வயது வரிசையில் எழுதி, பக்கத்தில் அவரவர் யார் குரலில் பேசுகிறார்கள் என்று எழுதினாள். இரண்டு வரிசைகளையும் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள்.

மெக்கானிக் நீண்ட நேரம் பார்த்தார். "நான் சரியாத்தான் போட்டேன். தரைத்தளம் பூஜ்யம்" என்றார். அக்காவுக்குக் கோபம் வந்தது.

"துணிய எவனாவது பூஜ்யம்னு ஆரம்பிச்சு அளப்பானா? ஒண்ணுன்னா ஒண்ணு."

"ஒண்ணாம் மாடின்னா என்னக்கா? தரைக்கு மேல ஒண்ணு. அப்ப தரை எது?"

"தரை தரைதான். அதுக்கு எதுக்குடா நம்பர்? நீ நிக்கிற இடத்துக்கு நீயே நம்பர் போடுவியா?"

இருவரும் மறுநாளும் பேசினார்கள். முதல் தட்டு எங்கே என்று மகள் எழுதிக் கேட்டபோது அக்கா மேஜைக்குப் போய் எடுத்து வந்தார். நடுத்துளைக்குப் பக்கத்தில் வெள்ளைப் பூஜ்யம் தேயாமல் இருந்தது. "இதுவா? இது என் வட்டம்" என்றார். தட்டைத் தூக்கியதும் நாற்பத்திரண்டு என்ற குரலும் கூடவே வந்தது. அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் இல்லை.

சரிசெய்வது பெரிய வேலை இல்லை. கடைசியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு தட்டையும் ஓர் உறை தள்ளிப் போட வேண்டும். நாலு பேர் உட்கார்ந்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். வருகிற ஞாயிறு என்று அன்றே பேசி முடித்தார்கள். அந்த ஞாயிறு ஒரு மருத்துவமனையில் லிஃப்ட் நின்றது. அடுத்த ஞாயிறு அக்காவுக்கு ஓர் அரங்கத்தின் திரை முடிக்க வேண்டியிருந்தது. அடுத்ததில் மனைவிக்கு டியூட்டி. அப்புறம் மழை, ஈரக் காற்றில் தட்டை வெளியே எடுக்கக்கூடாது. அப்புறம் விருந்தாளி. பதினொரு ஞாயிறுகள் போயின. வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் காரணம் உண்மையானதாகவே இருந்தது.

அந்தச் சமயத்தில் மகளுக்குப் பன்னிரண்டாவது கடிதம் வந்தது. ஆவணப் பதிவு அலுவலகத்தில் வாசிப்பாளர் வேலை. கையெழுத்துப் போடுமுன் பத்திரத்தை இரு தரப்புக்கும் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். எழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்திருந்தாள். பதினாலாம் தேதி காலை பதினொரு மணிக்கு வாசிப்புத் தேர்வு. வராதவர்கள் இந்தத் துறையில் மறுபடி விண்ணப்பிக்க முடியாது. அவள் கடிதத்தை மேஜையில் வைத்து, பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் வைத்தாள். 'பதினாலுக்குள்ள எனக்கு குரல் வேணும்.'

"அதுக்குள்ள முடிச்சிடலாம்மா" என்று மெக்கானிக் மனைவியின் குரலில் சொன்னார். பதினாலுக்கு முந்தைய ஞாயிறு யாருக்கும் வேலை இருக்கவில்லை. காலை ஒன்பதுக்கு நாலு பேரும் அடுக்கின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மெக்கானிக் கடைசி அடுக்கின் தடுப்பைக் கழற்றினார். அவருடைய மனைவி அழ ஆரம்பித்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல, நீங்க எடுங்க" என்றார். "அது அவளோடது. அவ கேக்கறதுல என்ன தப்பு. எனக்கு என் குரல் வந்தா போதும். அந்த மிஷினைப் பிரிச்சு மாட்டுவாங்க, அவ்ளோதானே. நான் வீட்ல உக்காந்துக்கறேன். எட்டு வருஷம் பாத்தாச்சு."

"யாரு உன்ன உக்காரச் சொன்னா" என்றார் மெக்கானிக்.

"பின்ன என் குரல வச்சு யார் கேப்பாங்க? முன்னாடி கேட்டாங்களா? நீங்களே கேட்டதில்ல. இப்ப உங்க தொண்டையில இருக்கு, தினம் கேக்கறீங்க."

"அழாத அண்ணி, அழாத" என்று அக்கா தம்பியின் குரலில் சொன்னார். எந்த நாத்தனாரும் தம்பி மனைவியை அண்ணி என்று கூப்பிடுவதில்லை. பதற்றத்தில் வந்துவிட்டது. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பார்கள்.

மகள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அழுதது அம்மா. கேட்டது அவளுடைய குரல். எட்டு வருடங்களில் அது அழுது அவள் கேட்டதில்லை. எழுந்துபோய் அப்பா கழற்றிய தடுப்பைத் திரும்ப மாட்டினாள்.

மறுநாள் ரயில் நிலையத்துக்குப் போனாள். முன்பும் போயிருக்கிறாள், ரயில் ஏறத்தான். இம்முறை நடைமேடைச் சீட்டு வாங்கிக்கொண்டு மூன்றாம் நடைமேடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். முதல் ஒரு மணி நேரம் தன் குரலைக் கேட்டாள். தாமதத்துக்கு வருந்துகிறோம் என்ற இடத்தில் அது சற்றுத் தாழ்ந்தது. அவள் அப்படித் தாழ்த்திப் பேசிய ஞாபகம் இல்லை. ஊர்ப் பெயர்களைச் சொல்லும்போது கடைசி எழுத்தை விழுங்காமல் சொன்னது. அதுவும் அவள் செய்ததில்லை. ஒரு கிழவர் பையை எடுத்துக்கொண்டு, பொண்ணு அஞ்சாம் நம்பர்னு சொல்லுது, எழுந்திரு என்று மனைவியை எழுப்பினார். இரண்டாவது மணி நேரத்தில் அது நிலையத்தின் குரலாக மட்டும் கேட்டது. எவ்வளவு உற்றுக் கேட்டும் அதற்குள் தன்னை அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு அம்மா இறங்கி வருவதற்குள் கிளம்பிவிட்டாள்.

வீட்டில் அத்தை தனியாக இருந்தார். ஓர் அரங்கத்தின் திரை கூடம் வரை விரிந்து கிடந்தது. மகள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து எழுதினாள்.

'கடைசி உறை காலி. முதல் தட்டு வெளிய. ஒரு தட்டு, ஒரு உறை. மத்தது எதையும் தொட வேண்டாம்.'

அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "அது என் குரல்டீ" என்றார்.

மகள் தலையாட்டினாள்.

"நாளைக்கு உங்கப்பனுக்குப் புத்தி வந்து எல்லாத்தையும் மாத்துறேன்னா, எனக்குத் திரும்ப வேணும்ல."

'வேணுமா?'

அத்தை சுண்ணக்கட்டியை உருட்டிக்கொண்டிருந்தார். மேஜை மேலிருந்து ஓரத்துக்கு ஒன்றரை என்று அவருடைய குரல் சொன்னது. அவர் அதைப் பார்த்தார்.

"இத வச்சுக்கிட்டு நான் யார எதிர்த்துப் பேசினேன். ஒரு தேதிய மாத்தித் தரக்கூட இதுக்குத் தெம்பு கிடையாது. நீ இத வச்சுக் கேட்டா எதையாவது வாங்குவியா மாட்டியான்னு பாக்கறேன். இந்தா." தட்டைத் தூக்கிக் கொடுத்தார். கை நீட்டிய பிறகும் விடவில்லை. "எனக்கு வட்டத்துக்கு என்ன பண்ணுவே?"

மகள் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, தட்டை வைத்துக் கோடு போட்டு, வெட்டிக் கொடுத்தாள். அத்தை அதைத் துணிமேல் வைத்துப் பார்த்தார். பரவாயில்லை என்றார். அதன் பிறகு விட்டார்.

தட்டைத் துடைத்து, புது உள்ளுறை போட்டு, மகள் கடைசி உறைக்குள் செருகினாள். நாலாயிரத்து நூற்று இருபத்தாறு இடங்களிலும் இப்போது ஏதோ ஒன்று இருந்தது. மேஜைப் பக்கம் அமைதியாயிற்று. தொண்டையில் சற்றுக் கனம் வந்தது, இருமினால் போய்விடும் என்பது போல. அவள் இருமவில்லை.

மாலை எல்லாரும் வந்த பிறகு மேஜையில் உட்கார்ந்தார்கள். அம்மா மறுநாளுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். வாசிப்புத் தேர்வுக்குள் தட்டுகளை மாற்றி முடிக்க வேண்டும், ராத்திரியே ஆரம்பிக்கலாம் என்றார்.

"அம்மா, நாளைக்கு டியூட்டிக்குப் போ" என்றாள் மகள்.

ஐம்பத்து மூன்று வயதுக் குரல். இழுத்துப் பேசியது. அம்மா அத்தையைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். மெக்கானிக் எழுந்து கடைசி அடுக்குக்குப் போய் உறையைத் தொட்டுப் பார்த்தார். காலியாக இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இது சரியில்லையேம்மா" என்றார். "இது ரிப்பேர் இல்ல. அட்ஜஸ்ட்மென்ட்."

"லிஃப்ட் ஓடுதாப்பா?"

"ஓடுது."

"அப்ப விடுங்க. எட்டு வருஷமா நான் எழுதினதெல்லாம் நீங்க சாப்பிட்டு முடிச்சுக் கை கழுவிட்டு வந்து படிப்பீங்க. இப்ப நான் பேசறேன், நீங்க சாப்பிடுங்க."

"இப்படியெல்லாம் பேச வரும்னு தெரிஞ்சிருந்தா நானே வச்சிருப்பேன்" என்று அத்தை மெக்கானிக்கின் குரலில் சொன்னார். அம்மா சாப்பிட்டு முடித்து எழும்போது மகளின் தலையில் கை வைத்தார், விடுப்புக் கடிதத்தைத் திரும்ப வாங்க வேண்டும் என்றார். மெக்கானிக் பட்டியலை எடுத்து, கடைசி எண்ணுக்கு நேரே இருந்த 'இல்லை' என்பதை அடித்தார். முதல் பக்கத்தின் மேல் 'எல்லாம் ஒன்று தள்ளி' என்று எழுதினார். தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தேடினால் கிடைத்துவிடும்.

பதினாலாம் தேதி பதிவு அலுவலகத்தில் மூன்று அதிகாரிகள் இருந்தார்கள். ஒரு குத்தகைப் பத்திரத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். அவள் படித்தாள். அளவுகள் வந்த இடங்களில் குரல் தானாகவே நிதானித்தது. வடக்கே நாற்பத்திரண்டு அடி, கிழக்கே பதினெட்டரை. நடுவில் உட்கார்ந்திருந்தவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் திறந்தார்.

"உங்க வயசு?"

"இருபத்திரண்டுங்க."

"குரலுக்கு?"

"அம்பத்து மூணு. எங்க அத்தையோடது."

"அவங்க சம்மதம் இருக்கா?"

"இருக்குங்க."

"எழுத்துல வேணும்மா. நாளைக்கு அவங்க வந்து கேட்டா நாங்க என்ன பதில் சொல்றது? கடிதம் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. சாட்சிக் கையெழுத்து ரெண்டு."

அத்தை கடிதம் எழுதிக் கொடுத்தார். அப்பாவும் அம்மாவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த மாதம் முதல் தேதி அவள் வேலையில் சேர்ந்தாள். நிரப்பக் கொடுத்த படிவத்தில் அங்க அடையாளங்கள் என்ற தலைப்பில் இரண்டு வரிகள் விட்டிருந்தார்கள். முதல் வரியில் 'இடது முழங்கையில் மச்சம்' என்று எழுதினாள். இரண்டாவது வரியில் 'குரல் அத்தையுடையது' என்று எழுதினாள். எழுத்தர் இரண்டையும் படித்தார். மச்சத்தைக் காட்டச் சொன்னார். அவள் சட்டைக் கையை மடித்துக் காட்டினாள். அவர் பார்த்து, சரி என்று முத்திரை குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். அவள் கூப்பிட்டாள்.